சிவப்புக் கண்ணாடி ஏன் கறுக்கிறது? சுடரில் மணி செய்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் சிறிய பர்னர், எல்.பி.ஜி., ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்து, இத்தாலியின் முரானோவிலிருந்து வரும், விரிவு எண் 104 கொண்ட கண்ணாடிக் கம்பிகளில் மணி செய்கிறேன். மற்ற நிறங்கள் சொன்னபடி கேட்கின்றன, சிவப்பு மட்டும் அடம் பிடிக்கிறது. ஒளிபுகாத சிவப்பு சுடரில் கறுத்துப்போய், ஆறிய பிறகும் மேலே சாம்பல் படலத்தோடு நிற்கிறது. ஒளி ஊடுருவும் சிவப்பு தேன் நிறத்தைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறது. டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) மணிமேல் சிவப்புக் கோடு போட்டால் அதைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு. கம்பி தரமில்லையா, என் கை சரியில்லையா? உடைந்த சிவப்பு வளையலை உருக்கிச் சேர்த்துக்கொள்ளலாமா?

கம்பி நல்ல கம்பிதான். கையிலும் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. பாதிக் கோளாறு சுடரில் இருக்கிறது. மீதிப் பாதி, எல்லாச் சிவப்பையும் ஒரே சரக்காக நினைத்து ஒரே மாதிரி வேலை செய்வதால் வருவது. மணிக் கம்பிகளில் கிடைக்கும் சிவப்பு மூன்று குடும்பம்: காட்மியம்-செலினியம், தங்கம், செம்பு. மூன்றும் நெருப்பிடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது செய்யும் சுடர் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

நீலத்தோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். கோபால்ட் கண்ணாடிக்குள் அயனியாகக் கரைந்து கிடக்கிறது. உருக்குங்கள், இழுங்கள், மறுபடி உருக்குங்கள், நீலம் நீலமாகவே இருக்கும். இந்தச் சிவப்புகளோ அப்படிக் கரைந்து கிடப்பவை அல்ல. கண்ணாடிக்குள் தனியாகப் பிரிந்து நிற்கும் நுண்துகள்கள்தான் அவற்றின் நிறம். துகள் உருவாகவே இல்லையென்றால் கண்ணாடி வெளிர் மஞ்சளாகவோ நிறமற்றோ தெரியும். அளவாக வளர்ந்தால் சிவப்பு. மிஞ்சி வளர்ந்தால் பழுப்பு, கலங்கல், ஈரல் நிறம். துகளின் அளவை முடிவு செய்வது நீங்கள் கொடுக்கும் வெப்பமும் நேரமும்.

இந்தத் துகள் சமாச்சாரத்துக்குப் பின்னால் இரண்டு நோபல் பரிசுகள் இருக்கின்றன என்பது மணி செய்கிறவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்கிற தகவல். தங்கச் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் துகள்களைப் பார்க்க அல்ட்ராமைக்ராஸ்கோப் என்ற கருவியை உருவாக்கிய ரிச்சர்ட் சிக்மொண்டி, ஜெர்மனியின் யேனாவில் ஷாட் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. 2023இல் குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்துகள்களுக்காக அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான அலெக்ஸி எகிமோவ், 1980களின் தொடக்கத்தில் செம்பு குளோரைடு கலந்த நிறக் கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்துத்தான் துகளின் அளவு மாறினால் நிறம் மாறுகிறது என்று காட்டினார். உங்கள் பர்னர் முன்னால் தேன் நிறம் சிவப்பாக மாறுவதும் அந்த வகை நிகழ்ச்சிதான்.

முதலில் கையில் இருக்கும் கம்பி எந்தக் குடும்பம் என்று பார்த்துவிடுங்கள். கம்பியின் நுனியைச் சுடரின் ஓரத்தில் மெல்லச் சூடாக்குங்கள். உருகுவதற்கு முன்பே பளிச்சென்ற சிவப்பு கருஞ்சிவப்பாகி, ஏறக்குறையக் கறுப்பாகி, வெளியே எடுத்ததும் மெல்ல மெல்லப் பழைய சிவப்புக்கே திரும்பினால் அது காட்மியம்-செலினியம் வகை. ஒளி ஊடுருவும் கம்பி, நன்றாக உருகியதும் மஞ்சளாகவோ நிறமற்றோ தெளிந்துவிட்டால் அது நிறத்தைப் பிறகு வரவழைக்க வேண்டிய வகை, தொழிலில் ‘ஸ்ட்ரைக்’ பண்ண வேண்டிய கண்ணாடி என்பார்கள். மேற்பரப்பில் பச்சையோ கறுப்போ கலந்த படலம் வந்தால் செம்பு. விலையைப் பார்த்துக் கை நடுங்கி, நிறம் ரோஜாவுக்கும் நாவல்பழத்துக்கும் நடுவில் இருந்தால் தங்கம்.

உங்கள் ஒளிபுகாத சிவப்பு முதல் வகை. செலினியமும் காட்மியமும் தனிமங்களாகக் கண்டறியப்பட்டது ஒரே ஆண்டில், 1817இல். இரண்டும் கந்தகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்படிகங்கள்தான் கண்ணாடியில் மஞ்சள் முதல் அடர் சிவப்பு வரை தருகின்றன. செலினியம் இல்லாமல் காட்மியம் சல்ஃபைடு மட்டும் இருந்தால் மஞ்சள். செலினியம் கூடக் கூட ஆரஞ்சு, பிறகு சிவப்பு. அதனால்தான் கடையில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கம்பிகள் மூன்றும் பங்காளிகள் மாதிரி ஒரே குணத்தோடு இருக்கும், விலையும் சேர்ந்தே ஏறும்.

இந்தப் படிகங்களுக்கு ஒரு குணம் உண்டு. சூடாகும்போது அவை ஒளியில் உறிஞ்சும் பகுதி சிவப்புப் பக்கமாக நகர்கிறது. மஞ்சள் சூட்டில் ஆரஞ்சாகத் தெரிவதும் சிவப்பு சூட்டில் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ஆகவே சுடரில் கறுக்கிறது என்று பயந்து கண்ணாடியை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டாம், அது தற்காலிகம். ஆறிய பிறகும் நிற்கும் கறுப்புதான் கோளாறு. இதில் இன்னொரு சிக்கல், நாம் கண்ணுக்குப் போடும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி. சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிகட்டுவதற்காக அது 589 நானோமீட்டர் பகுதியை வெட்டிவிடுகிறது. அதோடு பார்க்கும் சிவப்பு உண்மையான சிவப்பு ஆகாது. நிறம் வந்துவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டிய கணத்தில் மணியைச் சுடரிலிருந்து விலக்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, வெள்ளை விளக்கில் பாருங்கள்.

இனி அந்தச் சாம்பல் படலம். காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று உங்கள் ஏற்பாட்டைப் படித்தவுடனே தோன்றியது. ஒரு பங்கு புரொபேன் முழுதாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். பியூட்டேனுக்கு ஆறரைப் பங்கு. எல்.பி.ஜி. என்பது இரண்டும் கலந்தது. ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், அதுவும் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதத் தூய்மையில்தான் தரும். அப்படியென்றால் வாயுவை நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே திறக்க வேண்டும். கொஞ்சம் பெரிய சுடருக்கு ஆசைப்பட்டு வாயுக் குமிழைத் திருகினால் எரியாத கரியும் ஹைட்ரஜனும் கண்ணாடி மேலேயே வேலை காட்டத் தொடங்கிவிடும். சுற்றியுள்ள காற்று கொஞ்சம் உதவும், ஆனால் அதை நம்பிப் பெரிய மணி செய்ய முடியாது.

சுடரைக் கண்ணாலேயே படிக்கலாம். பர்னர் முகத்தில் நீலக் கூம்புகள் சின்னதாக, கூராக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டும். கூம்புகள் நீண்டு மழுங்கியிருந்தாலோ, நுனியில் மஞ்சள் தெரிந்தாலோ வாயு அதிகம். குமிழை மூடிக்கொண்டே வந்து கூம்புகள் கூர்மையாகும் இடத்தைப் பிடியுங்கள், அங்கிருந்து இன்னும் ஒரு பொட்டுக் குறையுங்கள். சுடர் சிறியதாகத்தான் இருக்கும். அதற்கேற்பச் சிறிய மணி செய்யுங்கள், 12 மில்லிமீட்டருக்குள். பெரிய மணிக்கு இரண்டாவது கான்சென்ட்ரேட்டரோ ஆக்சிஜன் சிலிண்டரோதான் வழி. (எரிவாயு எடுக்கும்போது வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொடாதீர்கள். வணிகச் சிலிண்டர்தான் முறை. அதையும் அறைக்கு வெளியே வைத்துக் குழாய் இழுப்பது நல்லது.) ஏற்கெனவே படலம் விழுந்த மணியை ஆக்சிஜன் கூடிய சுடரில் மேற்பரப்பு மட்டும் ஒளிரும் அளவுக்குக் காட்டினால் கரிப் படலமாக இருந்தால் எரிந்துவிடும். போகவில்லை என்றால் செலினியமே வெந்து போயிருக்கிறது, அதை மீட்க முடியாது.

செலினியம் வெந்து போவது என்று சொன்னதை விளக்க வேண்டும், ஒளிபுகாத சிவப்பில் பெரும்பாலான நஷ்டம் இதனால்தான். செலினியம் எளிதில் ஆவியாகும் சரக்கு. அதைக் கண்ணாடிக்குள் பிடித்து நிறுத்தவே தயாரிப்பாளர்கள் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். நாம் கம்பியை நீலக் கூம்புக்குப் பக்கத்தில் நீட்டிக் குமிழி வரும்வரை கொதிக்க வைத்தால் அந்த ஏற்பாடெல்லாம் வீண். மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள், பழுப்புக் கீற்றுகள் வரும். ஆகவே சிவப்புக் கம்பியைச் சுடரின் வெளிப்பக்கத்தில், நுனியை ஒட்டிப் பிடித்து உருக்குங்கள். உருகி வருவதற்கு நேரமாகும், பொறுமை தேவை. கம்பி தேன் போல இழையவேண்டும், தண்ணீர் போல ஓடக் கூடாது. அடியில் போடும் மணிக்குச் சூடு நிறையத் தேவைப்பட்டால், சிவப்பைக் கடைசியில் சேர்க்கும்படி வடிவத்தைத் திட்டமிடுங்கள். வெள்ளை, கறுப்பு எல்லாம் உருட்டி முடித்து, கடைசியாகச் சிவப்பு. இந்த ஒரு வரிசை மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும் என்பது என் அபிப்பிராயம்.

மெல்லிய கோடு போட இழுத்த சிவப்பு நூல், அதாவது ஸ்ட்ரிங்கர், மணிமேல் உருகியதும் வெளிறிப் பழுப்பாகிறது என்று பலர் சொல்வதுண்டு. இழுக்க இழுக்க நிறம் தாங்கும் கனம் குறைகிறது, மெல்லிய நூலுக்குச் சூடும் சட்டென்று ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. இழுப்பதற்கு முன் சிவப்புக் கட்டிமேல் நிறமற்ற தெளிந்த கண்ணாடியை மெல்லிய உறையாகச் சுற்றிவிட்டு, இரண்டையும் சேர்த்து இழுங்கள். உறை செலினியத்துக்குக் காப்பு. கோடும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். கறுப்பு மணிமேல் சிவப்புக் கோடு வேண்டுமென்றால் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டு அதன்மேல் சிவப்பை விடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு அதை விழுங்கிவிடும்.

இப்போது தேன் நிறத்திலேயே நிற்கும் ஒளி ஊடுருவும் சிவப்பு. இது எனக்குப் பிடித்த கண்ணாடி, மெனக்கெட்டால் பலன் தரும். ஒளிபுகாத சிவப்பின் பங்காளிதான் இதுவும். நன்றாக உருக்கியபோது படிகங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் கரைந்துவிட்டன. அதனால்தான் மஞ்சள். அவை திரும்பவும் பிறக்க வேண்டும், பிறகு வளர வேண்டும். பிறப்பதும் வளர்வதும் ஒரே வெப்பத்தில் நடப்பதில்லை என்பதுதான் சூட்சுமம். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகை ஆறவிட்டுத்தான் அரும்பு கட்டவைக்கிறார்கள், கொதிக்கும் பாகில் அரும்பு கட்டாது. இங்கேயும் முதலில் ஆற வேண்டும், பிறகு மிதமான சூட்டில் வளர வேண்டும். நீங்கள் மணியை உருட்டி முடித்தவுடனே நேராகச் சூளைக்குள் வைத்திருப்பீர்கள். அதுவரை அரும்பு கட்ட இடமே கிடைக்கவில்லை.

செய்யும் முறை இப்படி. மணியை முழு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை நன்றாகச் சூடேற்றி நிறத்தை முழுக்கத் தெளியவிடுங்கள். அரைகுறையாகத் தெளிந்த மணியில் நிறம் திட்டுத் திட்டாக வரும். பிறகு சுடரிலிருந்து வெளியே எடுத்து, மணியைத் தாங்கும் எஃகுக் கம்பியைச் சுழற்றிக்கொண்டே, தணல் நிறம் முற்றிலும் போகும்வரை காத்திருங்கள். அறையை கொஞ்சம் இருட்டாக வைத்திருந்தால் தணல் போவது தெளிவாகத் தெரியும். ரொம்ப நேரம் வெளியே வைத்தாலும் ஆபத்து, மணி விரிசல் விடும். தணல் மறைந்ததும் சுடரின் கடைக்கோடி நுனியில், பர்னரிலிருந்து தள்ளி, சுழற்றிக்கொண்டே மெல்லக் காட்டுங்கள். மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு சிவப்பாகும். ஆரஞ்சு வந்தவுடன் பதற்றத்தில் சுடருக்கு நடுவே கொண்டுபோகாதீர்கள். வந்த நிறம் கரைந்து மறுபடி மஞ்சளுக்கே போய்விடும். ஒரு தடவையில் போதாவிட்டால் ஆறவிட்டு மறுபடி காட்டலாம். விரும்பிய சிவப்புக்கு ஒரு படி முன்பே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். சூளைக்குள் பல மணி நேரம் இருக்கும்போது சிலசமயம் நிறம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும். காலையில் செய்த மணியும் மாலையில் செய்த மணியும் ஒரே சூளையில் இருந்து வேறு வேறு சிவப்பாக வெளிவருவதற்கு இதுவும் ஒரு காரணம். காதணிக்கு ஜோடி தேவையென்றால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள்.

கடையிலிருந்து வரும் கம்பியே பாதி சிவப்பு, பாதி அம்பர் நிறத்தில் இருந்தால் குறை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். தொழிற்சாலையில் கம்பி இழுக்கும்போது ஆறிய வேகம் அப்படி, அவ்வளவுதான். உருக்கினால் இரண்டு பாதியும் ஒன்றே.

மிஞ்சிப்போய்க் கலங்கல் விழுந்துவிட்டால்? நன்றாக உருக்கித் தெளியவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு முறை, இரண்டு முறை தாங்கும். ஒவ்வொரு முறையும் செலினியம் கொஞ்சம் போகிறது என்பதால் அதற்குமேல் பிடிவாதம் பிடிப்பதில் லாபமில்லை.

தங்கச் சிவப்பும் இதே விதிப்படிதான் நடக்கும், நடுவில் படிகத்துக்குப் பதிலாகத் தங்கத் துகள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொட்ஸ்டாமில் யோஹன் குங்கெல் என்ற ரசவாதி இதைச் செய்து பிராண்டன்பர்க் ஆட்சியாளரிடம் நல்ல பெயர் வாங்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே, 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் தங்கமும் வெள்ளியும் கலந்த கண்ணாடியில் ஒரு கிண்ணம் செய்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் லைகர்கஸ் கிண்ணம் அது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளிருந்து வெளிச்சம் வந்தால் சிவப்பு. மணிக் கம்பியில் இந்தக் குடும்பத்தின் பிரபலமான பெயர் ‘ரூபினோ ஓரோ’. கண்ணாடியில் தங்கம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் விலை அதை உங்களுக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். இதற்கு வாயுவும் ஆக்சிஜனும் மிஞ்சாமல் சமமாக எரியும் நடுநிலைச் சுடரோ, கொஞ்சம் ஆக்சிஜன் கூடிய சுடரோ வேண்டும். வாயு கூடினால் மேலே உலோகப் பளபளப்போடு ஒரு அழுக்குப் படலம் விழும். அதிகம் சூடுபட்டால் துகள் பெரிதாகி நிறம் பழுப்புக்கும் ஊதாவுக்கும் சரியும்.

ரூபினோவைக் கட்டியாக உருட்டி மணி செய்வது பணத்தைக் கரியாக்குவது. இவ்வளவு அடர்ந்த கண்ணாடி தடிமனாக இருந்தால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெனிஸ்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போன சிவப்பு மணிகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை இருக்கும், வெளியே மட்டும் மெல்லிய சிவப்பு. அவற்றை வெண்ணெஞ்சு மணி என்றே வணிகர்கள் அழைத்தார்கள். விலையுயர்ந்த சிவப்பை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒளி சிவப்பைக் கடந்து உள்ளே போய், வெள்ளையில் பட்டு, மறுபடி சிவப்பைக் கடந்து வெளியே வருகிறது. மெல்லிய தோலே போதும், மணி உள்ளிருந்து எரிவது போலிருக்கும். நீங்களும் அதையே செய்யுங்கள்: வெள்ளை உருண்டை, அதன்மேல் அரை மில்லிமீட்டர் அளவில் ஒளி ஊடுருவும் சிவப்பு, வேண்டுமானால் மேலே நிறமற்ற உறை. உள்ளே வெள்ளைக்குப் பதில் ஒளிபுகாத சிவப்பை வைத்தால் ஆழ்ந்த ரத்தச் சிவப்பு கிடைக்கும். அடர்ந்த மாணிக்க நிறம் வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அதுதான் பதில்.

செம்புச் சிவப்பு கதையே தனி. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடத்திலிருந்து எடுத்த மணிகளில் ஒளிபுகாத செங்கல் சிவப்பு ஒரு முக்கியமான நிறம். அவை சுடரில் ஒவ்வொன்றாக உருட்டியவை அல்ல. உலைக்கண்ணாடியைக் குழாயாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து கிழக்காசியா வரை கிடைத்திருக்கின்றன. திமோர் பக்கத்துத் தீவுகளில் ‘முட்டிசாலா’ என்ற பெயரில் குடும்பச் சொத்தாக இன்றும் காப்பாற்றுகிறார்கள். ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் பாப்பநாயுடுபேட்டையில் இதே இழுத்து நறுக்கும் முறை நம் காலம்வரை தொடர்ந்து வந்தது.

அந்தச் செங்கல் சிவப்பு செம்பினால் வருவது. செம்பை ஆக்சிஜன் நிறைந்த நெருப்பில் உருக்கினால் நீலமும் பச்சையும்தான் கிடைக்கும். புகை மூட்டமான, ஆக்சிஜன் பஞ்சமான உலையில் உருக்கினால்தான் அது உலோகத் துகளாகவோ, ஆக்சிஜன் குறைந்த செம்பு ஆக்சைடான குப்ரஸ் ஆக்சைடாகவோ பிரிந்து சிவப்பாகும். உங்கள் காட்மியச் சிவப்பைக் கெடுத்த அதே பஞ்சச் சுடர்தான் அவர்களுடைய சிவப்பை உண்டாக்கியது. பழைய மணிகளில் சிவப்புக்கு நடுவே கறுப்புக் கீற்றுகள் ஓடுவதையும் அடிக்கடி பார்க்கலாம், உலைக்குள் எங்கும் ஒரே நிலை நிலவாததன் அடையாளம் அது.

இதை வைத்து உங்கள் சுடரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டர்க்காய்ஸ் கம்பியின் நிறமும் செம்பினால் வருவதே. டர்க்காய்ஸில் ஒரு சாதாரண மணி உருட்டுங்கள், வேறு எதுவும் சேர்க்காமல். ஆறியதும் மேற்பரப்பில் செங்கல் நிறத் தோல் தெரிந்தால் சுடரில் வாயு அதிகம் என்று அர்த்தம். சுத்தமான டர்க்காய்ஸாக வந்தால் சுடர் சரி. எந்த அளவுகோலையும்விட எனக்கு இந்த மணியின்மேல்தான் நம்பிக்கை.

டர்க்காய்ஸ்மேல் போட்ட சிவப்புக் கோட்டின் பழுப்பு விளிம்பு வேறு விவகாரம். அது சுடரைத் திருத்தினாலும் முழுதாகப் போகாது. காட்மியம் வகைச் சிவப்பில் கந்தகம் இருக்கிறது, டர்க்காய்ஸில் செம்பு இருக்கிறது. இரண்டும் சூட்டில் தொட்டுக்கொண்டால் எல்லையில் கறுத்த செம்புச் சல்ஃபைடு கோடு உருவாகும். மஞ்சளும் ஆரஞ்சும் இதே குடும்பம் என்பதால் அவற்றோடும் இது நடக்கலாம். வெள்ளித் தாள் ஒட்டிய மணிமேல் சிவப்பு போட்டாலும் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து இருளடையும். தவிர்க்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் நிறமற்ற கண்ணாடியில் மெல்லிய அணை போடுங்கள். அல்லது நீலத்துக்குக் கோபால்ட் அடிப்படையிலான கம்பியைத் தேர்ந்தெடுங்கள். வேண்டுமென்றே இந்தக் கோட்டை வரவழைத்து இலை நரம்புபோல அலங்காரம் செய்கிறவர்களும் உண்டு, அழகாகவே இருக்கிறது.

வளையல் கேள்விக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் செய்யும் கண்ணாடி வளையலை உருக்கி அதை மட்டும் வைத்து மணி செய்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. 104 கம்பியோடு கலக்காதீர்கள். 104 என்பது சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதற்கான எண். விரிவு பொருந்தாத இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்தால் அன்றைக்கே உடையலாம், ஒரு மாதம் கழித்து வாங்கினவர் கழுத்திலும் உடையலாம். சந்தேகம் இருந்தால் இழைச் சோதனை செய்யுங்கள். இரண்டு கண்ணாடியிலும் சம அளவு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உருக்கி, கலந்துவிடாமல், ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய இழையாக இழுங்கள். ஆறியதும் இழை நேராக இருந்தால் ஓரளவு பொருந்துகிறது. வில்லாக வளைந்தால், அதிகம் சுருங்குகிற கண்ணாடி உட்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஜோடி ஆகாது. வளையலில் இன்னொன்று: பலவற்றில் நிறம் மேற்பூச்சுதான். சுடரில் காட்டியதும் பூச்சு எரிந்து புகைந்து உள்ளே வெறும் கண்ணாடி நிற்கும். ஒரு துண்டை உடைத்து முறிவுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஆற்றிப் பதப்படுத்துவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 104 கண்ணாடிக்கு 510 முதல் 520 டிகிரி செல்சியஸ் வரை சூளையில் நிறுத்தி, மணியின் தடிமனுக்கேற்ப நேரம் கொடுத்து, மெல்ல இறக்குங்கள். சூட்டைத் தாங்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் நிரப்பிய டப்பாவும் செராமிக் இழைப் போர்வையும் மணி சட்டென்று ஆறாமல் பார்த்துக்கொள்ளும், உள்ளழுத்தத்தை எடுக்காது. விற்பதாக இருந்தால் சூளை கட்டாயம்.

காட்மியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் மரப்பாசியில் காட்மியம் இருப்பதை வனத்துறை ஆய்வு காட்டியபோது சந்தேகம் கலைக்கண்ணாடித் தொழிற்சாலைகளின் பக்கம்தான் திரும்பியது. அங்கே உலையில் கொட்டி உருக்கியது தூள் சரக்கு. நம் கையில் வருவது ஏற்கெனவே கண்ணாடிக்குள் கட்டுண்ட காட்மியம், கம்பியைத் தொடுவதாலோ மணியை அணிவதாலோ ஒன்றும் ஆகாது. கொதிக்கவிடும்போது வரும் ஆவியும் அரைக்கும்போது வரும் தூளும்தான் கவலை. பர்னருக்கு மேலே புகையை வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள், முகக்கவசத்தை மட்டும் நம்ப வேண்டாம். துளை விளிம்பைத் தேய்ப்பது, மணி எஃகுக் கம்பியில் ஒட்டாமலிருக்கத் தடவி, மணிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சைச் சுரண்டுவது எல்லாம் தண்ணீருக்குள். அதே மேசையில் காபி டம்ளர் வேண்டாம். சமையலறையில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து என்ன வாங்குவது என்றால், ரூபினோ இப்போதைக்கு வேண்டாம். ஒளிபுகாத சிவப்பு ஒரு கட்டு, ஒளி ஊடுருவும் சிவப்பு ஒரு கட்டு, வெள்ளை, நல்ல தரமான நிறமற்ற கண்ணாடி. சிவப்பில் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். மாலைக்குத் தேவையான அளவை ஒரே தொகுதியில் வாங்கி, கட்டின்மேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். சுடரைச் சரிசெய்த பிறகு டர்க்காய்ஸ் மணியைச் செய்து பார்த்துவிட்டு, தோல் விழாமல் வந்ததும் சிவப்பைத் தொடுங்கள். அதற்குப் பிறகும் சாம்பல் விழுந்தால் கூம்புகள் எப்படி இருந்தன, கம்பியை எவ்வளவு தூரத்தில் பிடித்தீர்கள் என்பதோடு மணியின் படத்தையும் வெள்ளை விளக்கில் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.